ஒரு திருத்தத்துக்கு எத்தனை எண்?

கோத்தகிரியில் மழைக்காலம் என்றால் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும். அப்படி ஒரு சாயங்காலம் அண்ணன் மகள் குன்னூரிலிருந்து கூப்பிட்டாள். கல்லூரியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. குரலில் பாதி அழுகை, பாதி கோபம்.

“சித்தப்பா, நான் அனுப்பினது ஒரே ஒரு திருத்தம். அங்கே போய்ப் பார்த்தா மூணு தனித்தனித் திருத்தமா நிக்குது. ஒருத்தர் ‘இந்த மூணுல எதைப் பார்க்கணும்?’னு கேட்டிருக்கார். நம்பரைக் கொடுத்தேன். அந்த நம்பர் பழசுங்கிறார்.”

திறந்த மூல மென்பொருள் ஒன்றில், தமிழ் இடைமுகத்தில் ஒரு பொத்தானின் பெயர் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. அதைச் சரிசெய்து நாலு வரி நிரல் எழுதி அனுப்பியிருக்கிறாள். அவளுடைய முதல் பங்களிப்பு.

“முதல்ல எந்த நம்பர்னு சொல்லு கண்ணு” என்றேன்.

“நம்பர்தான் சித்தப்பா, அந்த நீளமா இருக்குமே.”

நீளமாக இருப்பவை இரண்டு உண்டு. குட்டையாக இருப்பவை இன்னும் இரண்டு. குழம்புவது இவள் மட்டும் இல்லை; பத்து வருடம் இந்த வேலையில் இருப்பவர்கள்கூட எல்லாவற்றையும் “நம்பர்” என்று ஒரே வாயில் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒன்றை நினைத்துக்கொண்டு பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் படிக்கலாம்.

இலைக் கொட்டகையில் இரண்டு எண்கள்

எங்கள் அப்பா ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்காக இலை வாங்கும் கொட்டகையில் கணக்கு எழுதியவர். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பறித்த பசுந்தேயிலையைச் சாக்கில் அடைத்துத் தூக்கி வருவார்கள். தராசில் ஏற்றி, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து, அப்பா சீட்டு எழுதிக் கொடுப்பார். ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பதில் தினமும் ஒரு சண்டை நடக்கும். அது வேறு கதை.

சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். மேலே சிவப்பு மையில் அச்சடித்த சீட்டு எண். அதற்குக் கீழே அப்பா பேனாவால் எழுதும் உறுப்பினர் எண். ஒரு நாள் 214ஆம் எண் பாட்டிக்கு 31 கிலோ என்று எழுத வேண்டிய இடத்தில் 13 என்று விழுந்துவிட்டது. பாட்டி பாதி வழி போய்த் திரும்பி வந்தார். அப்பா அந்தச் சீட்டில் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்துவிட்டு அடுத்த சீட்டைக் கிழித்தார். 5081 போனது, 5082 வந்தது. 214 அப்படியே இருந்தது. பணம் போய்ச் சேர்ந்தது 214க்கு.

சீட்டு எண் சொல்வது “எந்தக் காகிதம்” என்பதை. உறுப்பினர் எண் சொல்வது “யாருடைய கணக்கு” என்பதை. திருத்தினால் காகிதம் மாறும், கணக்கு மாறாது. பாட்டியிடம் போய் “5081க்கு என்ன ஆச்சு?” என்று கேட்டால் அவருக்கு ஒன்றும் புரியாது. அவர் மனதில் இருப்பது, தான் அன்றைக்குக் கொண்டுவந்த ஒரு சாக்கு இலை.

நிரல் உலகத்திலும் இதே இரண்டு கேள்விகள்தான், கூடவே “எதற்காக” என்று மூன்றாவதும் உண்டு. கேள்விக்கு ஓர் எண் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எண் எதற்கு வந்தது

மூல நிரல் என்பது மனிதர்கள் எழுதும் நிரல் வரிகள். திறந்த மூலம் என்றால் அந்த வரிகளை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். இப்படி ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நிரலில் கை வைக்கும்போது, எதை யார் எப்போது மாற்றினார் என்று குறித்து வைக்க ஒரு பதிவேடு வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மென்பொருளைப் பதிப்பு மேலாண்மை என்பார்கள். அதில் ஒருவர் “இந்த நிலையைப் பதிவு செய்” என்று போடும் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்.

2000-களில் பலர் பயன்படுத்திய சப்வெர்ஷனில் இந்தப் பதிவுகளுக்கு 1, 2, 3 என்று வரிசை எண்தான். பதிவேடு ஒரே ஒரு சர்வரில் இருந்தது. கொட்டகையில் ஒரே சீட்டுப் புத்தகம், ஒரே கணக்கர். அடுத்த எண் என்ன என்பதில் தகராறே இல்லை. 5081 என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் ஒன்றேதான்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் அப்படி வளரவில்லை. அதை எழுதுபவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள், அவரவர் இடத்தில் மாற்றி, அப்புறம் ஒன்றுசேர்த்துக்கொண்டார்கள். 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுடைமை மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். 2005இல் அதை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி நின்றுபோனதும், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுதான் கிட். இன்றைக்குத் திறந்த மூல உலகத்தில் பெரும்பாலான வேலை அதில்தான் நடக்கிறது.

கிட்டில் சர்வர் என்று தனியாக ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவர் கணினியிலும் முழுப் பதிவேடும், அதன் முழு வரலாற்றோடு இருக்கும். இணையம் இல்லாமலே கமிட் போடலாம். மேகம் இறங்கினால் இணைப்பு அறுந்துபோகும் ஊரில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் வரிசை எண் இங்கே படுத்துவிடுகிறது. கோத்தகிரியில் ஒரு சீட்டுப் புத்தகம், மஞ்சூரில் ஒரு சீட்டுப் புத்தகம் என்றால் இரண்டிலும் 5082 இருக்கும். இரண்டையும் ஒரே கட்டில் சேர்த்தால் எந்த 5082?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. நடுவில் ஒரு வளைவைப் புதிதாக வெட்டினால் அதற்கு அப்புறம் உள்ள பலகைகளை எல்லாம் அழித்து எழுத வேண்டும். வரிசை எண் பொருளுக்கு உரியதில்லை, அது நிற்கும் இடத்துக்கு உரியது. பலர் தனித்தனியே எழுதிச் சேர்க்கும் வரலாற்றில் நடுவே நுழைவது தினசரி நடப்பு.

ஆகவே யாரும் யாரையும் கேட்காமல், எண்ணை வைத்திருக்கும் கணக்கர் என்று ஒருவர் இல்லாமல், அவரவர் கணினியிலேயே எண் பிறக்க வேண்டும். ஆனாலும் இரண்டு வெவ்வேறு பொருளுக்கு ஒரே எண் வந்துவிடக் கூடாது.

உள்ளே இருப்பதே எண்ணாகிறது

அப்பா மாலையில் கொட்டகையைப் பூட்டும் முன் அன்றைய எடைகளைக் கூட்டி, தொழிற்சாலைக்குப் போகும் லாரிக்காரரிடம் மொத்தத்தை எழுதிக் கொடுப்பார். 18, 23, 31, 12 என்றால் 84. அங்கே மறுபடி கூட்டிப் பார்ப்பார்கள். 84 வராவிட்டால் ஏதோ ஒரு சீட்டு மாறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த 84ஐ யாரும் ஒதுக்கவில்லை. சீட்டுகளின் உள்ளே இருப்பதிலிருந்து அது தானாக வந்தது. யார் கூட்டினாலும் அதேதான் வரும்.

கிட்டின் எண்ணும் இந்த வம்சம்தான். ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணக்கில் போட்டால் கடைசியில் குறிப்பிட்ட நீளத்தில் ஓர் எண் வரும். அந்தக் கணக்குக்கு ஹாஷ் என்று பெயர்.

வெறும் கூட்டல் போதாது. 18ஐ 19 ஆக்கி, 23ஐ 22 ஆக்கினால் மொத்தம் 84தான், திருட்டு தெரியாது. சீட்டுகளின் வரிசையை மாற்றினாலும் தெரியாது. நல்ல ஹாஷ், உள்ளடக்கத்தைத் திரும்பத் திரும்பப் பிசைந்து கலக்கும். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் விடை அடையாளமே தெரியாமல் மாறிப்போகும். கிட் எடுத்துக்கொண்ட ஹாஷின் பெயர் ஷா-1. அதன் விடை 160 பிட் நீளம். எழுதும்போது 0 முதல் 9 வரை இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகளும் கலந்து 40 இடங்கள் வரும். அண்ணன் மகள் சொன்ன “நீளமா இருக்குமே” இதுதான்.

இதில் எனக்கு இன்னும் வியப்புத் தீராத ஒரு விஷயம் உண்டு. ஒன்றுமே எழுதாத காலிக் கோப்பு ஒன்றைக் கிட்டில் சேர்த்தால் அதன் எண் ஈ69டிஈ29 என்று தொடங்கும். என் கணினியிலும் அதேதான். சிலி நாட்டில் யாரோ ஒருவர் சேர்த்தாலும் அதேதான். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. உள்ளே இருப்பது ஒன்று என்பதால் எண்ணும் ஒன்று.

இரண்டு வெவ்வேறு பொருளுக்கு ஒரே எண் வரவே வராதா என்று கேட்பீர்கள். தற்செயலாக வர வாய்ப்பே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அரிது. வேண்டுமென்றே வரவைக்க முடியும் என்பதை 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் கூகுளும் சேர்ந்து காட்டினார்கள். வெவ்வேறான இரண்டு பிடிஎஃப் கோப்புகள், ஒரே ஷா-1 எண். அதன்பின் கிட், அப்படிச் செய்த கோப்புகளை மோப்பம் பிடிக்கும் ஷா-1 வடிவத்துக்கு மாறியது. 2020இல் வந்த கிட் 2.29 முதல், 64 இடங்கள் கொண்ட ஷா-256க்கும் சோதனை அளவில் இடம் கிடைத்தது. தொடக்க நிலையில் இதற்கு மேல் தெரிய வேண்டாம்.

கமிட்டின் எண்ணுக்குள் என்னென்ன

காலிக் கோப்பின் எண் எங்கும் ஒன்று என்றால், நானும் நீங்களும் ஒரே மாதிரி திருத்தம் போட்டால் கமிட் எண்ணும் ஒன்றாக வருமா? வராது. கமிட்டைக் கணக்கில் போடும்போது உள்ளே போவது கோப்புகள் மட்டும் இல்லை.

அந்த நேரத்தில் எல்லாக் கோப்புகளும் இருந்த நிலையின் எண் போகும். அதற்கு முந்தைய கமிட்டின் எண் போகும். எழுதியவர் பெயர், மின்னஞ்சல், நேரம் போகும். பதிவேட்டில் சேர்த்தவர் பெயர், மின்னஞ்சல், நேரம் தனியாகப் போகும். இலையைக் கொண்டுவந்தவர் ஒருவர், சீட்டு எழுதியவர் இன்னொருவர் என்பது போல. கடைசியாக “எதை, ஏன் மாற்றினேன்” என்று எழுதும் குறிப்பு, அதாவது கமிட் செய்தி, அதுவும் போகும்.

நேரம் நொடிக்கணக்கில் இருப்பதால், அதே ஆள் அதே வேலையை ஒரு நொடி தள்ளிப் பதிவு செய்தாலும் எண் வேறு. செய்தியில் ஒற்றெழுத்து விட்டுப்போனதைச் சேர்த்தாலும் எண் வேறு.

இதில் முந்தைய கமிட்டின் எண்தான் மிக முக்கியம். அப்பாவின் ஒவ்வொரு சீட்டிலும் முந்தைய சீட்டின் மொத்தத்தையும் சேர்த்து எழுதிக் கணக்குப் போட்டிருந்தால், போன வருடச் சீட்டில் யாராவது ஒரு கிலோவைக் கூட்டினால் இன்று வரைக்கும் உள்ள எல்லாச் சீட்டும் பொருந்தாமல் போயிருக்கும். கிட்டில் அப்படித்தான். பழைய கமிட் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்னால் வந்த அத்தனையின் எண்ணும் மாறும். கிட்டின் சொந்த மூல நிரலில் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 7 அன்று போட்ட முதல் கமிட்டின் எண் ஈ83சி516 என்று தொடங்குகிறது. இன்றுள்ள கிட்டின் கடைசிக் கமிட் வரை அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் களைந்துவிடலாம். கமிட் என்றால் மாற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். கமிட்டில் பதிவாவது மாற்றம் இல்லை, அந்த நேரத்து முழு நிலை. “இந்த வரி போய் அந்த வரி வந்தது” என்று நமக்குக் காட்டுவதை, முந்தைய நிலையோடு ஒப்பிட்டுக் கிட் அவ்வப்போது கணக்கிட்டுச் சொல்கிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். கமிட் எண்ணை யாரும் கொடுப்பதில்லை, அது உள்ளடக்கத்திலிருந்து பிறக்கிறது. உள்ளே எது மாறினாலும் எண் மாறும். ஆகவே அது சீட்டு எண்ணைப் போல ஒரு காகிதத்துக்கு உரியது. பாட்டியின் கணக்குக்கு உரியது இல்லை.

ஒரே வேலை, மூன்று காகிதம்

சரி, அண்ணன் மகளுக்கு வருவோம்.

திறந்த மூலத் திட்டங்களில் அனுப்பியதும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அனுபவம் உள்ள ஒருவர் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வார். இதை ரிவ்யூ என்பார்கள். அவளுக்கு வந்த முதல் கருத்து, அகலத்தை நேரடி எண்ணாகப் போடாதே என்பது. திருத்தினாள். இரண்டாவது, கமிட் செய்தியின் முதல் வரி நீளமாக இருக்கிறது என்பது. சுருக்கினாள். ஒவ்வொரு முறையும் பழைய கமிட்டின் மேலேயே திருத்தி எழுதும் அமெண்ட் கட்டளையைத்தான் பயன்படுத்தினாள். அது சரியான வழிதான்.

ஆனால் மேலேயே எழுதினாலும், உள்ளே இருப்பது மாறியதால் கமிட் எண் ஒவ்வொரு முறையும் மாறியது. ரிவ்யூ நடக்கும் சர்வருக்கு எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்று அந்நியர்கள் வாசலில் நிற்பது போல. மூன்றும் ஒரே வேலையின் மூன்று வடிவம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இதற்காகத்தான், அவள் அனுப்பிய இடத்தில் ரிவ்யூவுக்கு இருக்கும் கெரிட் என்ற மென்பொருளில் இன்னோர் எண் உண்டு. ஆண்ட்ராய்டு வேலைக்காகக் கூகுளில் ஷான் பியர்ஸ் உருவாக்கியது கெரிட். ரீட்வெல்ட் என்ற டச்சுக் கட்டடக் கலைஞரின் முதற்பெயர் அது. லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளும் விக்கிப்பீடியாவின் அடியில் ஓடும் மீடியாவிக்கியும் ரிவ்யூவுக்கு நம்பியிருப்பது கெரிட்டைத்தான். அந்த எண்ணின் பெயர் சேஞ்ச்-ஐடி. மாற்ற எண் என்று வைத்துக்கொள்வோம்.

மாற்ற எண் கமிட் செய்தியின் கடைசியில், செய்தியின் ஒரு பகுதியாகவே, தனி வரியில் நிற்கும். முதல் முறை கமிட் போடும்போது, ஹூக் என்ற ஒரு சிறு நிரல் தானாக ஓடி, அந்த வரி இல்லை என்றால் புதிதாக ஒன்றை எழுதிவிடும். இருந்தால் தொடாது. அமெண்ட் செய்யும்போது பழைய செய்தி அப்படியே வரும், அந்த வரியும் கூட வரும். கமிட் எண் மாறும், மாற்ற எண் மாறாது. கெரிட் அந்த வரியைப் பார்த்து, “அட, இது ஏற்கெனவே வந்த வேலையின் அடுத்த வடிவம்” என்று அதே பக்கத்தில் இரண்டாம் வடிவமாகச் சேர்த்துக்கொள்ளும். 5081 போய் 5082 வந்தாலும் 214.

பார்ப்பதற்கு மாற்ற எண்ணும் கமிட் எண்ணைப் போலவே 40 இடங்கள். குழப்பிக்கொள்ளக் கூடாது என்றுதான் அதன் முன்னால் ஐ என்ற பெரிய ஆங்கில எழுத்தை வைத்தார்கள். மொத்தம் 41. அந்த ஐயைக் கவனிப்பவர்கள் குறைவு. அதுவும் உள்ளடக்கத்தின் ஹாஷ் என்றே பலர் நினைக்கிறார்கள். பிறக்கும்போது ஒரு ஹாஷிலிருந்து பிறந்திருக்கலாம். பிறந்த பிறகு அது வெறும் பெயர்ச் சீட்டு. உள்ளே என்ன மாறினாலும் அதற்குக் கவலை இல்லை. மாறாமல் இருப்பதற்காகவே அது இருக்கிறது.

“நீ அமெண்ட் போடும்போது செய்தியை எப்படி மாத்தினே?” என்று கேட்டேன்.

“முழுசாப் புதுசா டைப் பண்ணிக் கட்டளையோடயே கொடுத்துட்டேன் சித்தப்பா. கடைசியில ஏதோ குப்பை மாதிரி ஒரு வரி இருந்துச்சு. அதைச் சேர்க்கல.”

அந்தக் குப்பைதான் 214. அவள் அதை விட்டுவிட்டதால் ஹூக் ஒவ்வொரு முறையும் புது உறுப்பினரைச் சேர்த்திருக்கிறது. மூன்று பக்கம், மூன்று மாற்ற எண். சரிசெய்வது சுலபம். முதல் பக்கத்தில் உள்ள மாற்ற எண்ணை நகலெடுத்து, கடைசிக் கமிட்டின் செய்தியில் இருக்கும் வரிக்குப் பதிலாக ஒட்டி, திரும்ப அனுப்ப வேண்டும். மற்ற இரண்டு பக்கங்களிலும் கைவிடும் பொத்தானை அழுத்திவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது, அதில் முக்கால் மணி நேரம் மின்வெட்டு.

கிட் பதிவேடுகளை வைத்துப் பகிரும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் பழகியவர்கள் “எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே” என்பார்கள். அங்கே மாற்ற எண்ணின் இடத்தில் இருப்பது புல் ரெக்வெஸ்ட் எண். ஒரு கிளையை, அதாவது தனியாகப் பிரித்து வளர்த்த கமிட் வரிசையை, முழுதாக “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று நீட்டும் விண்ணப்பம் அது. அதை ஒரே சர்வர் கொடுப்பதால் சாதாரண வரிசை எண் போதும். அந்தச் சர்வருக்கு வெளியே அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. செய்திக்குள்ளேயே எழுதப்பட்ட மாற்ற எண், நிரல் போகும் இடமெல்லாம் கூடவே போகும். எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும்; ஆனால் புதிதாக வருபவர்களை அது முதலில் மிரட்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அண்மையில் புழக்கத்துக்கு வந்த ஜுஜுட்சு என்ற கருவி இன்னும் ஒரு படி போய், மாற்ற எண்ணைத் தன் அடிப்படையாகவே வைத்திருக்கிறது. கமிட் எண்ணோடு குழம்பாமல் இருக்க, அதை கே முதல் இசட் வரை உள்ள ஆங்கில எழுத்துகளால் மட்டும் எழுதுகிறது. கெட்டிக்காரத்தனம்.

“எதற்காக” என்பதற்கு ஓர் எண்

மூன்றாவது கேள்வி மிச்சம். பொத்தானில் எழுத்து வெட்டுப்படுகிறது என்று யாரோ ஒருவர் முன்பே புகார் எழுதியிருப்பார். அந்தப் புகாருக்கும் எண் உண்டு. பிழை எண் என்போம். லிப்ரே ஆபீஸில் கமிட் செய்தியின் தொடக்கத்தில் டிடிஎஃப் என்று போட்டு எண் எழுதுவார்கள். மீடியாவிக்கியில் டி என்று தொடங்கும் எண் செய்தியின் அடியில் வரும்.

பிழை ஒன்று, திருத்தம் ஒன்று என்ற கணக்கு இங்கே இல்லை. ஒரு புகாருக்கு நாலு திருத்தம் தேவைப்படலாம். ஒரே திருத்தத்தில் இரண்டு புகார் தீரலாம். பாதுகாப்பு ஓட்டைகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவாக சிவிஇ எண் என்று ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில் எல்லோரையும் அலற வைத்த ஹார்ட்ப்ளீட் ஓட்டைக்கு சிவிஇ-2014-0160. அது ஓட்டையின் பெயர், அதை அடைத்த நிரலின் பெயர் இல்லை. “அந்த சிவிஇயை எடுத்துப் போட்டுவிட்டேன்” என்று யாராவது சொன்னால், எந்தக் கமிட் என்று திருப்பிக் கேளுங்கள்.

எண்ணை வைத்து என்ன செய்கிறார்கள்

ஓர் எடுத்துக்காட்டு போதும். எங்கள் ஊரில் மேலே ஊற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. கீழே வரவில்லை என்றால் குழாய் நெடுக நடந்து பார்க்க மாட்டோம். நடுவில் உள்ள இணைப்பைக் கழற்றிப் பார்ப்போம். அங்கே வந்தால் அடைப்பு கீழே, வராவிட்டால் மேலே. மிச்சத்தில் மறுபடி நடு. நேற்று ஒழுங்காக ஓடிய மென்பொருள் இன்று ஓடவில்லை, நடுவில் 1000 கமிட் என்றால் கிட்டின் பைசெக்ட் கட்டளை இதையேதான் செய்கிறது. பத்துச் சோதனையில் “பிழை நுழைந்தது இந்தக் கமிட்டில்” என்று ஓர் எண்ணைக் கையில் கொடுக்கும். ஒவ்வொரு நிலைக்கும் மாறாத, ஐயமற்ற பெயர் இருப்பதால்தான் அப்படிப் பாதியாகப் பாதியாக வெட்டிக்கொண்டு போக முடிகிறது. இந்த இடத்தில் மாற்ற எண்ணோ பிழை எண்ணோ உதவாது. காகிதம்தான் வேண்டும்.

கண்டுபிடித்த எண்ணை லினக்ஸ் கெர்னல்காரர்கள் வீணாக்குவதில்லை. திருத்தம் எழுதும்போது, எந்தப் பழைய கமிட் பிழையைக் கொண்டுவந்தது என்பதை “ஃபிக்ஸஸ்” என்று தொடங்கும் தனி வரியில் எழுதச் சொல்கிறார்கள். முழு 40 இடமும் வேண்டாம், முதல் 12 இடம், கூடவே அந்தக் கமிட்டின் தலைப்பு. அன்றாடப் பேச்சில் ஏழு இடம் எழுதினாலே போதும் என்று பழகியிருப்போம். சிறிய பதிவேட்டில் போதும்தான். கெர்னல் மாதிரி பெரிய பதிவேட்டில் முதல் ஏழு இடம் ஒன்றாக இருக்கும் கமிட்டுகள் சகஜம்.

அதே திருத்தத்தைப் பழைய பதிப்புகளுக்கும் கொண்டுபோவார்கள். அங்கே முந்தைய கமிட் வேறு என்பதால் புதுக் கமிட் எண் பிறக்கும். கெர்னலில் பழைய பதிப்புக்குப் போகும் கமிட்டின் செய்தியில் மூலக் கமிட்டின் எண்ணை எழுதி வைப்பது வழக்கம். கெரிட்டில் இதற்கு மாற்ற எண்ணே கைகொடுக்கிறது: வேறு கிளையில் அதே மாற்ற எண் இருந்தால் அதே வேலை அங்கேயும் போயிருக்கிறது என்று பொருள்.

பின்கதை

இரண்டு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்களாம். குரலில் சந்தோஷம்தான், ஆனால் அடியில் ஒரு சந்தேகம்.

“சித்தப்பா, முதன்மைக் கிளையில போய் என்னோட கமிட் நம்பரைத் தேடினேன். இல்லவே இல்லை. எடுத்துட்டாங்களா?”

“எந்த நம்பரைத் தேடினே?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவள் அனுப்பிய பிறகு அந்தக் கிளையில் வேறு பலருடைய கமிட்டுகள் சேர்ந்திருந்தன. சேர்ப்பவர் அவற்றின் மேல் இவளுடையதைத் தூக்கி வைத்தபோது முந்தைய கமிட் மாறியது, சேர்த்தவர் பெயரும் நேரமும் மாறின.

“இருங்க சித்தப்பா” என்றாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. “ஐல ஆரம்பிக்கிறதைப் போட்டுத் தேடினா வருது. எழுதினவர் இடத்துல என் பேர் இருக்கு. சேர்த்தவர் இடத்துல வேற யாரோ.”

“சீட்டு எழுதினவர் அவர்” என்றேன்.

“அப்போ இலை என்னோடதுதானே?”